வேலியில் ஒரு பொட்டு

கோண்டாவிலில் மாமி வீட்டுக் கணினி, பூத்தையல் போட்ட வெள்ளைத் துணியால் மூடியபடி விறாந்தை மேசையில் இருக்கும். மகன் ரொறன்ரோவுக்குப் போகும்போது விட்டுச் சென்றது. பின்னேரம் ஐந்து மணிக்குத் துணியை மடித்து வைத்துவிட்டு மாமி அதில் மூன்று காரியம் பார்ப்பார்: மரண அறிவித்தல்களை வாசிப்பது, மகனோடு முகம் பார்த்துக் கதைப்பது, அவன் அனுப்பிய பணம் கணக்கில் விழுந்துவிட்டதா என்று பார்ப்பது.

போன மாதம் கணினி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தேன். தேடும் பக்கம் யாரோ பெயர் தெரியாதவருடையதாக மாறியிருந்தது. திரையின் வலது மூலையில் சூதாட்ட விளம்பரங்கள் ஒன்று மறைய ஒன்று முளைத்தன. என்ன நடந்தது என்று கேட்டேன். நாடகத் தொடர் ஒன்று பார்க்கப் போன இடத்தில், “உங்கள் பிளாஷ் பிளேயர் பழையது, புதுப்பித்தால்தான் படம் ஓடும்” என்று ஒரு பெட்டி வந்ததாம்.

“நீர்தானே தம்பி, எது கேட்டாலும் அப்டேட் செய்துவிடச் சொன்னீர். செய்துவிட்டேன்” என்றார்.

சொன்னது நான்தான். பல வருடங்களுக்கு முன், அவசரத்தில், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டு வந்த புத்திமதி. இணையப் பக்கங்களில் படம் ஓட்டித்தந்த பிளாஷ் பிளேயருக்கோ 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கதை முடிந்துவிட்டது. அதன் சொந்தக்காரரான அடோபி நிறுவனம், எங்கள் வீட்டுக் கணினிகளுக்கென்று அதற்குப் பிறகு ஒரு பதிப்பும் வெளியிடவில்லை. செத்துப்போனவருக்கு மருந்து விற்க வந்தவனுக்கு மாமி கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். யார் வந்து கேட்டாலும் திற என்று சொல்லிவைத்தவன் நான்.

அப்டேட் செய்யுங்கள் என்ற புத்திமதி பிழையில்லை, அரைகுறையானது. எதை, எங்கிருந்து, எதற்காக என்ற மிச்சப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அதுவே பொறியாகிவிடும். அந்த மிச்சப் பாதியைச் சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

1990களின் நடுப்பகுதியில் இணையப் பக்கங்களைத் திறந்துகாட்டும் மென்பொருளான உலாவிக்கு எழுத்தும் படமும் காட்டத்தான் தெரியும். அசையும் படம், பாட்டு, விளையாட்டு எதுவும் அதற்குத் தெரியாது. நெட்ஸ்கேப் நிறுவனம் ஒரு வழி செய்தது: தன் உலாவியின் சுவரில் ஒரு வாசலை வெட்டி, வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் உள்ளே வந்து உட்கார்ந்து வேலை செய்ய விட்டது. இப்படி வந்து உட்கார்ந்தவற்றுக்குத்தான் பிளகின் என்று பெயர்; தமிழில் செருகி என்கிறோம். படம் ஓட பிளாஷ், விளையாட்டுகளுக்கும் சில வங்கிப் படிவங்களுக்கும் ஜாவா, வெளிநாட்டுத் தமிழ் வானொலி கேட்க ரியல்பிளேயர், பிடிஎஃப் திறக்க அடோபி ரீடர், பின்னாளில் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட். போரால் மூடியிருந்த ஏ9 வீதி திறந்த 2002க்குப் பிறகு யாழ்ப்பாண நகரத்து நெட் கஃபேக்களில், தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் நினைவிருக்கும். “இந்தப் பக்கத்தைக் காட்ட ஒரு செருகி தேவை” என்று மஞ்சள் பட்டை ஒன்று வரும். கஃபே அண்ணையைக் கூப்பிடுவோம். அவர் வந்து மூன்று முறை ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிட்டுப் போவார்.

அந்த மூன்று ‘நெக்ஸ்ட்’டில்தான் சிக்கல் தொடங்குகிறது. செருகி உலாவிக்குள்ளே தெரிந்தாலும் உலாவியின் சட்டத்துக்கு முழுதாகக் கட்டுப்பட்டதில்லை. கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்னென்ன செய்ய அதிகாரம் உண்டோ, அவ்வளவும் அதற்கும் உண்டு: கோப்பைத் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அதிலே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் உலாவி நிறுவனத்தால் திருத்த முடியாது. செருகியின் சொந்தக்காரர்தான் திருத்தித் தரவேண்டும். ஐந்து செருகி என்றால் ஐந்து சொந்தக்காரர், ஐந்து நாள்காட்டி.

பிழை என்றால் என்ன? ஒரு படக் கோப்பை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் ‘நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்’ என்று எழுதியிருக்கும். திறக்கும் மென்பொருள் அந்தக் கணக்கின்படி நினைவகத்தில் இடம் ஒதுக்கும். கோப்பு பொய் சொன்னால்? நூறு பேருக்கு இலை போடச் சொல்லிவிட்டு முந்நூறு பேரைப் பந்திக்கு அனுப்பினால் மிச்சப் பேர் அடுத்த வீட்டு முற்றத்தில்தான் போய் உட்காருவார்கள். நினைவகத்தில் அந்த அடுத்த முற்றம், கணினி அடுத்ததாக எந்தக் கட்டளையை நிறைவேற்றவேண்டும் என்று குறித்துவைத்த இடமாக இருக்கக்கூடும். அங்கே போய் உட்கார்ந்த எழுத்துகள் கட்டளையாகிவிடும். வந்த ஆட்களை எண்ணிப் பார்க்காத மென்பொருளின் கவலையீனம் அது. எண்ணிப் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்தால் திருத்தம் முடிந்தது. பெரும்பாலான பாதுகாப்புத் திருத்தங்கள் இப்படிச் சின்னஞ்சிறியவைதான்.

எங்கள் ஊரில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: பொட்டு. கிடுகு வேலியின் அடியில், நாய் போய்ப்போய் விழுந்த ஓட்டை. படலையை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் பொட்டு இருந்தால் கோழி போகும், நாய் வரும், கள்ளனும் வருவான். அதனால்தான் வருடா வருடம் வேலி அடைத்தார்கள். வேலி அடைக்க ஆள் பிடிப்பது எவ்வளவு அலுப்பான காரியமோ அவ்வளவு அலுப்புத்தான் அப்டேட்டும்.

பொட்டு இருப்பது ஒன்று. அதைத் தேடி ஆள் வருவது இன்னொன்று. ‘என் கணினியில் என்ன இருக்கிறது, யார் தேடி வரப்போகிறார்கள்’ என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். தேடி ஆள் வருவதில்லை, இயந்திரம் வருகிறது. பிளாக்ஹோல் என்று ஒரு தாக்குதல் தொகுப்பு இருந்தது. எழுதியவன் அதை மற்றக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தான். 2013 ஒக்டோபரில் ரஷ்யாவில் பிடிபட்டான். அது வேலை செய்த விதம் இப்படி. நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். தளம் நல்லதுதான், அதில் விளம்பரத்துக்கென்று விட்ட சதுரத்தை இடைத்தரகர் ஒருவர் விற்றுவிட்டார், வாங்கியவன் கள்ளன். அந்தச் சதுரத்துக்குள் இருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கம் உலாவியிடம் கேட்கும்: உன்னிடம் என்னென்ன செருகிகள் உண்டு, ஒவ்வொன்றும் எத்தனையாம் பதிப்பு? அந்தக் காலத்து உலாவிகள் யார் கேட்டாலும் பட்டியலை ஒப்புவித்துவிடும். பட்டியலில் பழைய ஜாவா இருந்தால் ஜாவாவுக்கான சாவி, பழைய பிளாஷ் இருந்தால் பிளாஷுக்கான சாவி. நீங்கள் எதையும் சொடுக்கவேண்டியதில்லை. செய்தியை வாசித்து முடிக்கும் முன் வேலை முடிந்திருக்கும். எல்லாச் செருகியும் புதிதாக இருந்தால் இயந்திரம் பேசாமல் அடுத்த ஆளிடம் போய்விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. திருத்தம் வெளிவரும் நாள்தான் பொட்டு ஊருக்குத் தெரியவரும் நாள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி மாறியிருக்கிறது என்பது கைதேர்ந்தவனுக்குத் தெரிந்துவிடும். மாறிய வரியில்தான் பிழை இருந்திருக்கும். வீதியில் பத்து வீட்டுக்காரர் ஒரே நாளில் வேலியின் ஒரே மூலையை அடைத்தால், பதினோராம் வீட்டில் எங்கே பொட்டு இருக்கும் என்று கள்ளனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர் அந்தப் பதினோராம் வீட்டுக்காரர். பிழை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பிருந்ததை விட, திருத்தம் வந்த பிறகுதான் அவருக்கு ஆபத்துக் கூடுகிறது.

2012இல் இது பெரிய அளவில் நடந்தது. ஜாவாவில் ஒரு பொட்டை அதன் சொந்தக்காரரான ஓரக்கிள் நிறுவனம் பெப்ரவரி நடுப்பகுதியில் அடைத்தது. அப்பிள் மக் கணினிகளுக்கோ ஜாவாவை அப்பிள்தான் தன் கையால் விநியோகித்துவந்தது. அதன் திருத்தம் வந்தது ஏப்ரல் 3ஆம் திகதி. அந்த ஏழு வார இடைவெளிக்குள் பிளாஷ்பேக் என்ற கிருமி, ஏறத்தாழ ஆறு இலட்சம் மக் கணினிகளில் புகுந்துவிட்டது. ‘மக்குக்கு வைரஸ் வராது’ என்று வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான்மார் பீற்றிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஜனவரியில் ஜாவாவில் இன்னொரு பெரிய பொட்டு வெளிவந்தபோது, உலாவியில் ஜாவாவை முடக்கிவைக்கும்படி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே சொன்னது.

இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் ஒருவரும் அப்டேட் செய்யவில்லை? சோம்பேறித்தனம் என்று பழி போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்டேட் செய்ய முயன்றவனைத்தான் அந்தக் காலத்து மென்பொருள்கள் தண்டித்தன. ஒரே கணினியில் பிளாஷ் மூன்று இருக்கும்: இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒன்று, பயர்பாக்ஸுக்கு வேறொன்று, குரோமுக்குள் கூடவே வந்த மூன்றாவது. ஒன்றைப் புதுப்பித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம். மற்றது பழையபடி கிடக்கும். ஜாவாவின் கூத்து இதைவிட மோசம். புதிய பதிப்பு வந்து குந்தும், பழையது எழும்பிப் போகாது. முன்படலையை மாற்றிவிட்டுப் பின்படலையைத் திறந்துபோட்ட கதை. இதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ஓரக்கிள் மீது நடவடிக்கை எடுத்து, 2015 டிசம்பரில் அது இணக்கத்தில் முடிந்தது. இது போதாதென்று ஜாவாவின் ஒவ்வொரு அப்டேட்டிலும் ‘ஆஸ்க்’ டூல்பாரையும் போடவா என்று ஒரு கட்டம், முன்கூட்டியே சரி போட்டபடி இருக்கும். கவனியாமல் அழுத்தினால் உலாவியின் நெற்றியில் ஒரு பட்டை ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாதுகாப்புக்காக வந்த ஆள் தட்டிலே விளம்பரத்தோடு வந்தால் யார் நம்புவார்கள்?

எங்கள் பக்கத்துக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. கணினியைத் திருத்தக் கொடுத்தால், கடையில் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் ஒரு முழு நகலை அப்படியே ஊற்றித் தருவது இங்கே சர்வசாதாரணம். விண்டோஸ், எழுத்துரு, பாமினி விசைப்பலகை, வீடியோ பிளேயர், உலாவி எல்லாம் ஒரே அடியில் வந்துவிடும். அந்த நகல் எப்போது செய்யப்பட்டதோ அன்றைய திகதியில் எல்லாம் உறைந்து நிற்கும். உரிமம் இல்லாத விண்டோஸ் என்றால், குட்டு வெளிப்பட்டுவிடக்கூடாது என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரருக்கு அது தெரியாது; கணினி புதிதாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

அடுத்தது டேட்டா. மாத முடிவில் பக்கேஜ் முடிந்துபோகும் பயத்தில் டொங்கிள் இணைப்பை ‘அளவிடப்பட்டது’ என்று விண்டோஸில் குறித்துவிடுவோம். நல்ல யோசனைதான், அப்படிக் குறித்தால் விண்டோஸ் தன் இற்றைப்படுத்தல்களில் பெரும்பகுதியை ஒத்திப்போடும் என்பதையும் தெரிந்து குறிக்கவேண்டும். மாதத்தில் ஒரு நாள், நல்ல இணைப்புள்ள வீட்டில் வைத்து அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும்.

மின்வெட்டுப் பயம் மூன்றாவது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பயத்தைச் சொல்லித்தரவேண்டியதில்லை. விண்டோஸ் தன்னைத்தானே மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணினி எழும்பாமல் போகலாம் என்பது உண்மை. உலாவியின் கதை வேறு. குரோம், புதிய பதிப்பைப் பழையதுக்குப் பக்கத்தில் தனிக் கோப்புறையில் இறக்கி வைக்கும். எல்லாம் முழுதாக இறங்கிய பிறகு, நீங்கள் உலாவியை மூடித் திறக்கும் கணத்தில்தான் இடம் மாறும். நடுவில் மின்சாரம் போனால் பழையது பழையபடி இருக்கும், அவ்வளவுதான். ஆகவே உலாவியை அப்டேட் செய்ய மின்சார சபையின் அட்டவணையைப் பார்க்கவேண்டிய தேவையில்லை.

இந்தச் சங்கதியிலேயே இன்னொரு பொறி ஒளிந்திருக்கிறது. மூடித் திறந்தால்தான் இடம் மாறும் என்றேன். மூடாவிட்டால்? மாமி கணினியை நிறுத்துவதே கிடையாது. தூங்கவைத்துவிட்டுத் துணியைப் போர்த்திவிடுவார். உலாவி பதினேழு பக்கங்களோடு வாரக்கணக்காகத் திறந்தபடி இருக்கும். புதிய பதிப்பு இறங்கிப் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும், பாவம். வலது மேல்மூலையில் ஒரு குறி வரும். காத்திருக்கும் நாள் கூடக் கூட அது பச்சையிலிருந்து செம்மஞ்சளாகி, ஒரு வாரமானால் சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தும் அசையாதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குரோமைச் செய்யும் கூகிள் 2023 ஓகஸ்ட் முதல் பாதுகாப்புத் திருத்தங்களை வாரம் ஒருமுறை வெளியிடுகிறது. காரணம் மேலே சொன்ன பதினோராம் வீட்டுக் கதைதான். குரோமின் மூலநிரலில், அதாவது அதை ஆக்கிய கட்டளை வரிகளில், பெரும்பகுதி எல்லோருக்கும் திறந்தது. ஒரு பிழை அங்கே திருத்தப்பட்டுப் பயனரின் கைக்கு வந்து சேர ஒரு காலத்தில் சராசரியாக 35 நாள் எடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றியபோது அது 15 நாளளவில் குறைந்தது. அதையும் குறைக்கத்தான் வாரம் ஒருமுறை. அவர்கள் நாட்களைச் சுரண்டிச் சுரண்டிக் குறைக்க, நாங்கள் துணியைப் போர்த்தி மாதமாக்கிவிடுகிறோம்.

செருகிகளின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நல்ல முடிவு. பயர்பாக்ஸ் 2013இல் பிடிஎஃப் காட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. குரோம் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று பழைய ஈழத்து நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஒரு பழைய யாழ்ப்பாணச் சஞ்சிகையைத் திறந்தால் உலாவியே காட்டுகிறது, ரீடர் வேண்டியதில்லை. வீடியோவையும் உலாவிகளே கற்றுக்கொண்டன. குரோம் 2015 செப்டெம்பரில் பழைய செருகி வாசலை அடைத்தது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் பிளாஷைத் தவிர மற்றவற்றை வெளியே விட்டது. ஜாவா செருகி 2018இல் போயிற்று, பிளாஷ் 2020 முடிவில், சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 ஒக்டோபரில். 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. கணினியில் கிடந்தாலும் ஓடாது. ஆக இன்று யாராவது பிளாஷை, ஜாவா செருகியை, சில்வர்லைட்டைப் புதுப்பிக்கச் சொன்னால் அவர் பொய்யர். விதிவிலக்குத் தேடவேண்டாம். 2017இல் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் பாட் ராபிட் என்ற கிருமி பரவியதும் பிளாஷ் அப்டேட் என்ற வேஷத்தில்தான். அப்போது பிளாஷுக்கு உயிராவது இருந்தது.

செருகி போன வாசலால் வேறொருவர் உள்ளே வந்திருக்கிறார். நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன். விளம்பரத்தைத் தடுக்க, தமிழில் தட்டச்சு செய்ய, யூடியூபில் இறக்க, புதிய பக்கத்தில் பூப்படம் காட்ட என்று உலாவிக்குள் சேர்க்கும் சின்னச் சின்னச் சாமான்கள். பழைய செருகியைப் போலக் கணினி முழுவதையும் இவற்றால் தொடமுடியாது. அந்த அளவில் முன்னேற்றம்தான். ஆனால் உலாவிக்குள் நடக்கும் எல்லாவற்றையும் பார்க்க முடியும். இன்றைக்கு எங்கள் பணம், கடிதம், பேச்சு எல்லாம் உலாவிக்குள்தானே இருக்கின்றன.

தமிழ்த் தட்டச்சு நீட்சியையே உதாரணத்துக்கு எடுப்போம். ‘அம்மா’ என்று எந்தப் பக்கத்தின் எந்தப் பெட்டியிலும் எழுத முடியவேண்டும் என்றால், எல்லாப் பக்கத்திலும் நீங்கள் அழுத்தும் எழுத்தை அது பார்த்தாகவேண்டும். எனவே சேர்க்கும்போது, ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும். நேர்மையான நீட்சிக்கும் அந்த அனுமதி தேவை, கள்ள நீட்சிக்கும் அதே அனுமதி போதும். வசனத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. செய்தவர் யார் என்பதுதான் வித்தியாசம். அந்தச் செய்தவர் நாளைக்கு மாறலாம்.

மாறிய கதை ஒன்று: த கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு நல்ல நீட்சி. பயன்படுத்தாத பக்கங்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சம் பிடிக்கும்; பழைய கணினிகளுக்கு வரப்பிரசாதம். இருபது இலட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அதை எழுதியவர் பெயர் வெளிவராத ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் கொடுத்த புதிய பதிப்பு, வழக்கம்போல எல்லோரது உலாவியிலும் தானாகவே வந்து இறங்கியது. நீட்சியொன்று முன்பில்லாத புதிய அதிகாரம் கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். ஏற்கெனவே கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்தே வேலை பார்த்தால் ஒரு கேள்வியும் எழாது. 2021 பெப்ரவரியில் தீங்கு நிரல் இருக்கிறதென்று கூகிள் அதை எல்லாக் கணினியிலும் முடக்கியது.

விற்காமலே கைமாறுவதும் உண்டு. சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், 2024 நத்தாருக்கு முதல்நாள் கூகிளிடமிருந்து வந்ததுபோன்ற போலிக் கடிதத்தை நம்பி ஓர் அனுமதியைக் கொடுத்துவிட்டார். நத்தார் தினத்தில் அந்த நிறுவனத்தின் நீட்சிக்குக் கள்ள அப்டேட் ஒன்று வெளியானது. ஒரு நாளளவில் பிடித்துவிட்டார்கள். அதற்குள் திறந்திருந்த உலாவிகளில் அது தானாக இறங்கி, ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளின் நுழைவுச் சீட்டுகளைத் தேடியது. நுழைவுச் சீட்டு என்பது, நீங்கள் கடவுச்சொல்லும் தொலைபேசிக்கு வந்த இலக்கமும் கொடுத்து உள்ளே போனபின் தளம் உலாவியிடம் கொடுத்துவைக்கும் அடையாளம். அதைத் தூக்கிக்கொண்டு போனால் கடவுச்சொல்லே வேண்டியதில்லை. பிறகு கிளறிப் பார்த்தபோது இதே முறையில் வேறு முப்பதுக்கும் மேற்பட்ட நீட்சிகள் மாட்டியிருந்தது தெரிந்தது.

இங்கே அன்று பிடிவாதமாக அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த ஒருவர் தப்பியிருப்பார். அதனால் அப்டேட் வேண்டாமா? அந்த ஒரு நாளில் தப்பியவர் மற்ற நாட்களில் நூறு பொட்டோடு உட்கார்ந்திருப்பார். உலாவிக்கு அப்டேட் தானாக வரட்டும், நீட்சிக்கும் வரட்டும். வாசலுக்குள் எத்தனை பேரை விடுவது என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. இரண்டு நீட்சி வைத்திருப்பவர் இரண்டு பேரின் நேர்மையை நம்புகிறார், பதினொன்று வைத்திருப்பவர் பதினொரு பேரின் நேர்மையையும், அவர்கள் நாளைக்கு யாருக்கு விற்பார்கள் என்பதையும் சேர்த்து.

பதினொன்று என்று சும்மா சொல்லவில்லை. மாமியின் உலாவியில் எண்ணிப் பார்த்த கணக்கு அது. ஏழு என்ன வேலை செய்கின்றன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கணினியில் நீட்சிகளை மட்டும் நீக்கிவிட்டு வர மனம் ஒப்பவில்லை. போலி அப்டேட்டென்று ஒரு மென்பொருளையே இறக்கி ஓட்டியிருக்கிறார். அது வேறு என்ன வைத்துவிட்டுப் போனது என்று நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. முதலில் மாமியின் கைத்தொலைபேசியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் இரண்டின் கடவுச்சொற்களையும் மாற்றினோம். கணினியிலேயே மாற்றினால் புதியதையும் திருடனுக்கே எழுதிக் கொடுத்ததாகும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானையும் அழுத்தினோம். திருடப்பட்ட நுழைவுச் சீட்டுகளைச் செல்லாக்காசாக்க அதுதான் வழி. பிறகு படங்களை வெளி வட்டில் நகல் எடுத்துவிட்டு விண்டோஸை அடியிலிருந்து மீண்டும் போட்டேன். இரவு பத்து மணியாகிவிட்டது. புட்டும் மாம்பழமும் தந்தார்.

புதுக் கணினிபோல இருந்தது. குரோமை இறக்கி, மாமியின் கணக்கால் உள்ளே போனேன். அரை நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், பதினொரு நீட்சியும் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. கணக்கோடு எல்லாவற்றையும் ஒத்திசைத்து வைத்திருக்கும் வசதியின் வேலை அது. வீடு மாறினாலும் பொட்டைக் கையோடு கொண்டுவந்த கதை. நீட்சிகள் பக்கத்துக்குப் போய் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கியபிறகுதான் கணக்கிலிருந்தும் போயின. இந்தப் படியைப் பலர் தவறவிட்டுவிட்டு, விண்டோஸ் போட்ட கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

மாமிக்குச் சொல்லவேண்டிய புத்திமதியைத் திருத்திச் சொன்னேன். உலாவித் திரையில் விலாசம் எழுதும் பட்டையைக் காட்டி, இதற்கு மேலே இருப்பது உலாவியின் வீடு, கீழே இருப்பது வந்தவர் போனவர் எல்லாரும் கோலம் போடும் முற்றம் என்றேன். கீழே எந்தப் பெட்டி வந்து அப்டேட் என்றாலும், வைரஸ் பிடித்துவிட்டது என்று கத்தினாலும், அது ஒரு படம் மாதிரித்தான், பக்கத்தை மூடிவிடலாம். திரை முழுவதையும் பிடித்துக்கொண்டால் எஸ்கேப் விசை. புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் மேலே வலது பக்கத்து மூன்று புள்ளி, உதவி, குரோமைப் பற்றி. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அது தானாகத் தேடி இறக்கிக்கொள்ளும். பயர்பாக்ஸிலும் இதே மாதிரித்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் முன் உலாவியை மூடிவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அவருக்கு அப்படித்தான் மனதில் நிற்கும்.

விண்டோஸ் 7 வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்த வழி உதவாது. குரோம் அங்கே 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது; பயர்பாக்ஸில் 115தான் கடைசி. உதவிப் பக்கத்தைத் திறந்தால் ‘புதிய பதிப்பு கிடைக்காது’ என்ற வகையில் ஒரு வரி வரும், பலர் அதை ‘எல்லாம் சரி’ என்று வாசித்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதன்பிறகு ஒரு வருட நீடிப்புக்கு வீட்டுப் பாவனையாளர் பதிந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் வழி விட்டது. என்றாலும் பழைய கணினியில் வங்கி வேலை பார்ப்பதைவிட, புதிய கைத்தொலைபேசியில் பார்ப்பது மேல்.

கடைசியில் இரண்டு நீட்சிகளை விட்டுவைப்பது என்று முடிவானது: விளம்பரத் தடுப்பான் ஒன்று, தமிழ்த் தட்டச்சு ஒன்று. தட்டச்சையும் நீக்கியிருப்பேன், விண்டோஸ் 10இலேயே தமிழ் ஒலிப்பு விசைப்பலகை இருக்கிறது. மாமிக்குக் கை பழகவில்லை. அதை ‘சொடுக்கும்போது மட்டும்’ வேலை செய்யும்படி மாற்றி வைத்தேன். வங்கிப் பக்கத்தில் அது தூங்கும்.

பூப்படம் காட்டும் நீட்சியை நீக்கியதில்தான் அவருக்கு மனக்குறை. ஒவ்வொரு முறை புதிய பக்கம் திறக்கும்போதும் ஒரு செவ்வரத்தை, ஒரு தாமரை வருமாம். அந்தப் பூக்காரனும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதி வைத்திருந்தான் என்று சொன்னேன். பூவுக்கு ஏன் அது என்று கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை. புதிய பக்கத்துக்குச் சொந்தப் படம் போடும் வசதி குரோமிலேயே இருக்கிறது, நீட்சி வேண்டாம். வெளி வட்டில் தேடி, மகன் போன வருடம் வந்து நின்றபோது நல்லூர்த் தேரன்று எடுத்த படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். சட்டையில்லாமல் வேட்டியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவன் அங்கே சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்றார்.